ஜிஸ்ட் புற்றுநோய்: நோயாளிக்குத் துணை நிற்பவர்களுக்கு, வேலூரிலிருந்து சில கேள்வி பதில்கள்

என் அண்ணன் குடியாத்தத்தில் தறி நெய்தவர். ஒன்பது வருடமாக அவருக்கு ஜிஸ்ட் என்ற அபூர்வப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் எங்கள் தெருவிலேயே யாரும் இல்லை. இப்போது நானும், இதே நோயோடு வாழும் சில குடும்பத்தாரும், புதிதாக நோய் தெரிந்து திகைத்து நிற்பவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எங்களில் யாரும் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். எங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, எங்களுக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஜிஸ்ட் என்றால் வயிற்றுப் புற்றுநோய்தானே?

இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் பலருக்குத் தவறான மருந்து போகிறது. வயிற்றுப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வது இரைப்பையின் உள்தோலில் வருவது. ஜிஸ்ட், அதாவது கேஸ்ட்ரோ இன்டஸ்டைனல் ஸ்ட்ரோமல் டியூமர், இரைப்பை அல்லது குடலின் சுவருக்குள் வருவது. குடல் தாளம் தப்பாமல் அசைவதற்குக் காஹால் செல்கள் என்று சில செல்கள் உதவுகின்றன. அவற்றோடு தொடர்புடைய செல்களிலிருந்து இது கிளம்புகிறது. பெரும்பாலும் கிட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் காரணம். அண்ணனுக்கு நான் விளக்கியது இப்படி: பவர்லூமின் ஸ்விட்ச் அணையாமல் மாட்டிக்கொண்டால் தறி ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா, அதுபோல அந்தச் செல்லுக்குப் "பெருகு" என்ற உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. இமாடினிப் மாத்திரை அந்த ஸ்விட்சை அணைத்துப் பிடிக்கிறது.

சுமார் 60 சதவீதம் இரைப்பையிலும் 30 சதவீதம் சிறுகுடலிலும் வருகிறது. மலம் கருப்பாகப் போவது, காரணம் தெரியாத ரத்தசோகை, சீக்கிரம் வயிறு நிரம்பிவிடுவது, வயிற்றில் கட்டி தட்டுப்படுவது ஆகியவை அறிகுறிகள். வழக்கமான கீமோதெரபி இதற்குப் பெரும்பாலும் பலன் தருவதில்லை. நோயின் சரியான பெயர் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எத்தனை பேருக்கு வந்தால் அபூர்வம்?

ஐரோப்பியக் கணக்குப்படி, ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 6 பேருக்கும் குறைவாக வருவது அபூர்வப் புற்றுநோய். ஜிஸ்ட் 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு 10 முதல் 15 பேருக்கு வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இப்படிப்பட்ட அபூர்வப் புற்றுநோய்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஐரோப்பாவில் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வருகிறது. ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை.

துணை நிற்பது என்றால் என்ன? வழக்கு போடுவதா?

'பேஷன்ட் அட்வகேட்' என்று சொன்னதும் பலர் வக்கீல் என்று நினைத்துவிடுகிறார்கள். வக்கீலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோயாளியால் கேட்க முடியாத கேள்வியை அவர் சம்மதத்தோடு கேட்பது, டாக்டர் சொன்னதை எழுதிக்கொள்வது, ரிப்போர்ட்டுகளைப் பத்திரப்படுத்துவது, மாத்திரை தீரும் முன்பே அடுத்த மாதத்துக்கு ஏற்பாடு செய்வது, இவைதான் வேலை. பெரும்பாலும் இதை வீட்டில் ஒரு அண்ணியோ மகளோ பெயர் எதுவும் இல்லாமல் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார்.

நோய் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் என்ன செய்வது?

பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது அப்படி. அண்ணனுக்கு முதல் ஆபரேஷன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் "வயிற்றில் சதைக்கட்டி, அகற்றப்பட்டது" என்று இருந்தது. கட்டியை டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் வந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் போய்க் கேட்கவில்லை. கட்டியை எடுத்தாயிற்று, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரத்தில் அண்ணன் தறியிலேயே மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் 6. ஸ்கேனில் கல்லீரலிலும் கட்டிகள் தெரிந்தன. பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தபோது அதில் ஜிஸ்ட் என்று அப்போதே எழுதியிருந்தது. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் ரிப்போர்ட்டில் இவற்றைப் பாருங்கள்: கட்டி எங்கே இருந்தது, எத்தனை சென்டிமீட்டர், செல்கள் பிரியும் வேகம் (மைட்டோசிஸ் எண்ணிக்கை) எவ்வளவு, ஆபரேஷனுக்கு முன்போ ஆபரேஷனின்போதோ கட்டி உடைந்ததா, சிடி117, டாக்1 என்ற சாயப் பரிசோதனைகள் செய்தார்களா. நோய் திரும்ப வரும் வாய்ப்பை டாக்டர்கள் முக்கியமாக இந்த விவரங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வாய்ப்பு அதிகம் என்றால், கட்டியை முழுதாக எடுத்திருந்தாலும் மூன்று வருடம் இமாடினிப் தருவது வழக்கம்.

அடுத்தது பிளாக். எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்துச் சின்னச் சின்னக் கட்டிகளாக லேபில் வைத்திருப்பார்கள். வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்து கேட்கவும், மரபணு டெஸ்ட் செய்யவும் அந்த பிளாக்கும் ஸ்லைடுகளும் தேவைப்படும். எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். லேபில் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஃபைலைத் தர முடியாது என்றால்?

2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். சண்டை போட வேண்டாம். தேதி போட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் பத்து தடவை கேட்டுக் கிடைக்காதது பல சமயம் இந்த ஒரு தாளுக்குக் கிடைத்துவிடும்.

மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். பணம் பறிக்கும் வேலையா?

இந்த நோயில் அப்படி நினைக்காதீர்கள். மாற்றம் கிட் மரபணுவின் 11-ஆவது எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி) இருந்தால் இமாடினிப் நன்றாக வேலை செய்யும். வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். 9-ஆவது எக்ஸானில் இருந்தால், பரவிய நோய்க்கு 800 வரை டாக்டர்கள் யோசிப்பார்கள். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப் பலன் தராது, வீணாக மாதக்கணக்கில் விழுங்குவதுதான் மிச்சம். அதற்கென்று அவாப்ரிடினிப் என்ற வேறு மருந்து 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சின்ன வயதில் இரைப்பையில் வரும் ஜிஸ்டில் சில எஸ்டிஹெச் என்ற வேறு வகை. அந்த வகை குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால் மரபணு ஆலோசனையும் கேளுங்கள். மற்றபடி பெரும்பாலான ஜிஸ்ட் பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்கும் போவதில்லை.

இவ்வளவு கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ஓபியில் உங்களுக்குப் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது டாக்டருக்கு நேரம் குறைவு, அது உண்மை. அதனால் மூன்றே கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும், "டாக்டர், மூணு கேள்வி இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரையில், எழுதிக் கொண்டுபோனவர்களுக்குப் பதில் சொல்லாத டாக்டர் மிகக் குறைவு. மறந்துபோய், வெளியே வந்து "அதைக் கேட்டிருக்கலாமே" என்று தவித்தவர்கள்தான் அதிகம். புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். "தமிழ்ல இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்று கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

இமாடினிப் லட்ச ரூபாய் மாத்திரை என்கிறார்களே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2000-ஆம் ஆண்டு பின்லாந்தில் ஒரு பெண்மணிதான் ஜிஸ்டுக்காக இதை முதன்முதலில் உட்கொண்டவர். அதுவரை பரவிய ஜிஸ்டுக்கு மருந்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2002-இல் அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு அனுமதி கிடைத்தது. நோவார்டிஸ் கம்பெனியின் கிளிவெக் இங்கே மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் தந்தன. நோவார்டிஸ் காப்புரிமை கேட்டபோது, மும்பையைச் சேர்ந்த கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு போட்டது. 2006-இல் அந்த அலுவலகம் காப்புரிமையை மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துத் தீர்ப்பளித்தது.

குடியாத்தத்துத் தறிக்காரர் ஒருவர் இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு அந்த மனுவும் ஒரு காரணம். நோயாளிகளுக்காகப் பேசுவதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். இப்போது விலை இன்னும் குறைந்திருக்கிறது. ஆனால் கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள், ஆஸ்பத்திரி பார்மசியில் கேளுங்கள், நாலு இடத்தில் விசாரித்த பிறகு வாங்குங்கள். கம்பெனியை மாற்றும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

செலவுக்கு வேறு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள திட்ட மையத்துக்குப் போக வேண்டும். எந்தச் சிகிச்சை அடங்கும், எந்த ஆஸ்பத்திரியில் அடங்கும் என்பதை அட்மிட் ஆகும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். நோய் வந்ததும் "இனி முடியாது" என்று வேலையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இஎஸ்ஐயில் புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குக் கூடுதல் நோய்ப்பயன் உண்டு. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்கும். அதற்குக் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். ஆம்பூரில் ஒரு தங்கை இது தெரியாமல் ராஜினாமா செய்துவிட்டாள். மனது தாங்கவில்லை.

சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் பணம் கிடைக்குமா என்றும் பலர் கேட்கிறார்கள். அந்தப் பட்டியல் வேறு, ஜிஸ்ட் அதில் இல்லை.

அண்ணன் நல்லா இருக்கிறார். மாத்திரையை கொஞ்ச நாள் நிறுத்தலாமா?

டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

நான்கு வருடம் 400 மில்லிகிராமில் அண்ணன் நன்றாக இருந்தார். பாவு தோய்ப்பார், தறி நெய்வார், சந்தைக்குப் போவார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாத்திரைக்கு வைத்திருந்த பணத்தை யாரிடமும் சொல்லாமல் பந்தல்காரருக்குக் கொடுத்துவிட்டார். அண்ணியிடம் கூடச் சொல்லவில்லை, காலி அட்டையை அலமாரியில் அப்படியே வைத்திருந்தார். இரண்டு மாதம் பத்து நாள். கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கட்டிகள் பெருத்திருந்தன. திரும்ப ஆரம்பித்ததும் நோய் கட்டுக்குள் வந்தது, ஆனால் முன்பு இருந்த நிலைக்குத் திரும்பவில்லை. பிறகு 800-க்கு ஏற்றினார்கள். இப்போது இமாடினிப்புக்கு அடுத்த மருந்தான சுனிடினிப் எடுக்கிறார். கை கால் எரிச்சல், பிபி என்று அது படுத்துகிறது.

இது அண்ணனுக்கு மட்டும் நடந்ததல்ல. பரவிய ஜிஸ்டில் நோய் அடங்கியிருப்பவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆய்விலும் பெரும்பாலோருக்கு நோய் திரும்பக் கிளம்பியது. அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகள் கல்யாணத்துக்குப் பணம் குறைகிறது என்றால் எந்த அப்பா என்ன செய்வார்? எங்களிடம் சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம். அதனால் நாங்கள் துணை நிற்கும் வீடுகளில் மாதத்துக்கு ஒரு முறை மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்கிறோம். சந்தேகப்பட்டு இல்லை. பணம் முட்டுகிறது என்றால் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக.

மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கண் வீங்குகிறது, முகம் வெளுக்கிறது. சாதாரணமா?

காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, குமட்டல் எல்லாம் பலருக்கு வரும். சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கினால் குமட்டல் குறையும். தோல் வெளுப்பதும் இமாடினிப்பின் விளைவுதான், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். அண்ணனைப் பார்த்து உறவுக்காரர் ஒருவர் "குஷ்டமா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் ஒரு மாதம் தெருவில் இறங்கவில்லை. இது தொற்று இல்லை, குஷ்டமும் இல்லை என்று சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். குஷ்டமாகவே இருந்தாலும் அது மருந்தால் குணமாகும் நோய் என்று காட்பாடி பக்கம் உள்ள கரிகிரி ஆஸ்பத்திரி எத்தனையோ பத்தாண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், திடீரென்று எடை கூடுவது, கருப்பு மலம் என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

ஸ்கேனில் கட்டி சிறுக்கவில்லையே, மருந்து வேலை செய்யவில்லையா?

ஜிஸ்டில் மருந்து பிடித்தால் கட்டி உள்ளுக்குள் கரைந்து இளகுமே தவிர, அளவு உடனே குறையாமல் இருக்கலாம், சில சமயம் கொஞ்சம் பெரிதாகவும் தெரியும். அதன் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய ஸ்கேன் சிடிக்களை ஒவ்வொரு தடவையும் கொண்டுபோங்கள்.

நாட்டு மருந்து சேர்த்துக் கொடுக்கலாமா?

எது கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் கல்லீரலில் இந்த மாத்திரை உடையும் வேகத்தை மாற்றிவிடும். கிரேப்ஃப்ரூட் பழம் கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கும். அதே இனத்துப் பம்ப்ளிமாசையும் தவிர்ப்பது நல்லது.

அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா?

எனக்குச் சுலபமான பதில் தெரியவில்லை. "அல்சர்" என்று சொல்லி ஒரு வருடம் ஓட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா வயிறு சரியாகிவிட்டது என்று மாத்திரையைப் போடாமல் விட்டார். தினமும் தவறாமல், வருடக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரை இது. எதற்கு என்று தெரியாமல் யாரும் அவ்வளவு காலம் விழுங்க மாட்டார்கள். என் கருத்து, சொல்லுங்கள் என்பதுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்மா?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பல அம்மாக்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்.

வெளியூரிலிருந்து வேலூருக்கு வருகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

காட்பாடியில் இறங்கும் முன்பே அப்பாயின்ட்மென்ட் எந்த வளாகத்தில் என்று சீட்டில் பாருங்கள். சிஎம்சிக்கு ஊருக்குள் பழைய வளாகமும் உண்டு, 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகமும் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றுக்குப் போனால் பாதி நாள் போய்விடும். சீக்கிரம் டோக்கன் வாங்கித் தருகிறேன் என்று ஸ்டேஷனிலோ லாட்ஜ் வாசலிலோ வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். காந்தி ரோடு பக்கம் சமைத்துக்கொள்ள வசதி உள்ள லாட்ஜுகள் இருக்கின்றன, வங்காளத்திலிருந்து வருபவர்கள் வாரக்கணக்கில் அங்கே தங்குவார்கள். வேலூரேதான் என்றும் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னையில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

எல்லா மருந்தும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்?

இமாடினிப்புக்கு அப்புறம் சுனிடினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெடினிப் என்று வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றும் கிடைக்குமா, கட்டுப்படியாகுமா, மருந்து ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் மேல் வழியில்லை என்றால் பாலியேட்டிவ் கேர், அதாவது வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு, கேளுங்கள். அது கைவிடுவது இல்லை. வலியோடு யாரும் கிடக்க வேண்டியதில்லை, மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, டாக்டர் தரும் அளவில் எடுத்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து இந்தச் சேவை தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். உண்மையில் இதைக் கடைசிக்கு என்று வைக்காமல், வலி ஆரம்பிக்கும்போதே கேட்பது நல்லது.

நானும் துணைக்கு வருகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

படிப்பு தேவையில்லை. ஒரு முழு நாளை ஒதுக்க முடிய வேண்டும், கேட்டதை வெளியே பேசாமல் இருக்க முடிய வேண்டும். "எங்க வீட்ல இந்த மருந்துதான் குணப்படுத்திச்சு, நீங்களும் வாங்குங்க" என்று மட்டும் ஒருபோதும் சொல்லக் கூடாது. முதல் தடவை வரும்போது ஒரு நோட்டு, இரண்டு பேனா, ஒரு சாப்பாட்டு டப்பா எடுத்து வாருங்கள். காலை ஆறரைக்கு நாங்கள் ஓபி வாசலில் இருப்போம்.